எழுபதாம் நம்பர் பாட்டில்

பாலிஷ்காரர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் தரையைத்தான் பார்ப்பார். வீட்டுக்காரர் வாய் நிறைய வாங்க வாங்க என்று அழைத்துக்கொண்டிருப்பார்; இவர் குனிந்து உட்கார்ந்து, மூலையில் ஒட்டிக்கிடக்கும் சிமென்ட் பொட்டைக் கட்டைவிரல் நகத்தால் நோண்டிக்கொண்டிருப்பார். இருபத்தாறு வருடத் தொழில். அவரிடம் வேலை கொடுத்தவர்களின் முகம் அவருக்கு ஞாபகம் இருக்காது. ஆனால் எந்த வீட்டுக் கூடத்தில், எந்தத் தூணுக்குப் பக்கத்தில் விரிசல் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்.

தொழில் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. தரைக்கு மெருகு போடுவது என்றால் எதையோ பூசுவது என்று நினைக்கிறோம். கிடையாது. சுரண்டுவதுதான். இயந்திரத்தின் அடியில் கல்லை மாட்டி, தண்ணீர் விட்டு, தரையின் மேல்தோலைத் தேய்த்து எடுக்க வேண்டும். கல்லுக்கு நம்பர் உண்டு. அறுபதாம் நம்பர் முரட்டுக் கல், மேட்டைத் தின்னும். அடுத்தது நூற்றிருபது, அதற்கடுத்தது இருநூற்றிருபது, பிறகு நானூறு. நம்பர் ஏற ஏறக் கல் நைசாகிக்கொண்டே போகும். எண்ணூறாம் நம்பரை எடுத்துக் குழந்தை கன்னத்தில் தேய்த்தாலும் ஒன்றும் ஆகாது என்று பாலிஷ்காரர் பெருமையடிப்பார். நல்லவேளை, எந்தத் தாயும் பிள்ளையை நீட்டியதில்லை.

தொழிலில் கெட்டிக்காரர். பேச்சில் அவ்வளவு சுத்தம் என்று சொல்ல முடியாது. முதல் கட்டிங், அதாவது முதல் கல் தேய்ப்பு, முடிந்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, தரை மூன்று நாள் காய வேண்டும், அதுவரை தொடக்கூடாது என்று பெரிய வைத்தியர் மாதிரி சொல்லுவார். தரை காய ஒரு நாள் போதும். மீதி இரண்டு நாளும் அவருடைய இயந்திரம் வேறொரு வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அதேபோல வேலை தொடங்கும் முன், பழைய கறை போகாவிட்டால் என்னைக் கேட்கக் கூடாது, ஓரம் உடைந்தால் நான் பொறுப்பில்லை, ஈரத்தில் வழுக்கி விழுந்தால் நான் பொறுப்பில்லை என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார். இதற்கு அவர் வைத்திருந்த பெயர் வாய்க்காவல். வாய்க்காவல் போடாதவன் தொழில் செய்ய முடியாது என்பது அவருடைய கொள்கை.

வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. காதல் தோல்வி, தியாகம் என்று கதை கட்ட ஒன்றுமில்லை. இளமையில் பருக்கள் வந்து முகம் முழுக்கக் குழி விட்டுப் போயின. இருபத்தெட்டாம் வயதில் பார்க்கப் போன ஒரு பெண், முகமா அது, மொசைக் தரை மாதிரி இருக்கு என்று யாரிடமோ சொன்னது காதுக்கு வந்தது. மொசைக் என்றால்கூடப் பரவாயில்லை, பாலிஷ் போடாத மொசைக் என்று சொன்னாளாம். அதுதான் தொழில்காரரைக் குத்தியது. அதன் பிறகு பெண் பார்க்கும் பேச்சையே விட்டுவிட்டு, அக்கா வீட்டு மாடி அறையில் தானும் தன் கற்களுமாக இருந்துவிட்டார்.

அப்படி இருந்தவரைத்தான் அடையாள அட்டை அலுவலகத்தின் நாலாம் கவுன்ட்டர் வந்து கலைத்தது.

அட்டை புதுப்பிக்கப் போயிருந்தார். கவுன்ட்டரில் நாற்பது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஓர் அம்மா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, விரலை வையுங்கள் என்றார். இவர் வைத்தார். இயந்திரம் கீச் என்றது. மறுபடி வைத்தார். மறுபடியும் கீச். கல்லும் தண்ணீரும் சேர்ந்து பத்து விரலிலும் ரேகையைத் தேய்த்து எடுத்திருந்தன. அந்த அம்மா சலித்துக்கொள்ளவில்லை. ஈரத்துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்து, தன் கையாலேயே பிடித்துக் கண்ணாடி மேல் அழுத்திப் பார்த்தார். பத்தும் பலிக்கவில்லை.

"ரேகையே காணோமே சார். எங்க விட்டீங்க?"

"ஊர்ல எல்லார் வீட்டுத் தரையிலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், மேடம்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். அரசாங்க அலுவலகத்தில், கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருந்து சிரிப்பு வருவதைப் பாலிஷ்காரர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். விரல் ஆகாது, முகத்தை வைத்துத்தான் பதிய வேண்டும் என்று சொல்லிப் படம் எடுத்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரத்துக்குள் நாலாம் கவுன்ட்டரைப் பற்றி அக்காவிடம் ஐந்து தடவை பேசிவிட்டார். அக்கா ஒன்றும் நேற்றுப் பிறந்தவரில்லை. விசாரித்தார். அந்த அம்மாவின் கணவர் இறந்து எட்டு வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை, தம்பி குடும்பத்தோடு இருக்கிறார் என்று தெரிந்தது. பேச்சு இங்கிருந்து அங்கே போய், அங்கிருந்து இங்கே வந்தது. கடைசியில், பதினைந்து நாள் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு வந்து வீட்டைப் பார்க்கிறோம், பேசிப் பார்ப்போம், மற்றதை அப்புறம் சொல்கிறோம் என்று பதில் வந்தது. பாலிஷ்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. தரையே பிழைப்பான ஆளுக்கு அது பெரிய விஷயம்.

அன்று மாலை கண்ணாடி முன்னால் நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் முகத்தைத் தொழில் கண்ணோடு பார்த்தார். இரண்டு கன்னத்திலும் குழி. மூக்கோரம் கறை. நெற்றியில் வெயில் வாங்கிய திட்டு. ஒரு வீட்டுக்காரர் இதைக் காட்டி விலை கேட்டிருந்தால் நாலு கட்டிங் ஆகும் என்று சொல்லியிருப்பார்.

கடைத்தெருவில் ஒரு தோல் அழகு மருத்துவமனை இருந்தது. போன வருடம் அதன் தரைக்கு மெருகு போட்டவர் அவர்தான் என்பதால் நேரே அங்கே போனார். சுவரில் ஒரு பெண்ணின் முகப்படம். பாதி மங்கல், பாதி பளபளப்பு. பாலிஷ்காரருக்கு உடனே மருத்துவமனையின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. ஏனென்றால் அவரும் இப்படித்தான் பாதித் தரைக்கு மெருகு போட்டுப் படம் எடுத்து வைத்திருப்பார். மங்கல் பாதியில் கொஞ்சம் சேற்றுத் தண்ணீர் தெளித்து எடுப்பது தொழில் ரகசியம்.

டாக்டரம்மா நிதானமானவர். கன்னத்தை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழிகள் முழுசாகப் போகாது, லேசாக ஆசிட் தடவி மேல்தோலை உரித்தால் கறை கொஞ்சம் தெளியும், அவ்வளவுதான் எதிர்பார்க்க வேண்டும் என்றார். பிறகு இரண்டு பக்கத் தாளை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தார். சிவக்கலாம், வீங்கலாம், எரியலாம், புண்ணாகிச் சீழ் பிடிக்கலாம், உதட்டில் முன்பு அக்கி வந்திருந்தால் திரும்ப வரலாம், சில இடம் வெளுக்கலாம், தழும்பு நிற்கலாம். முக்கியமாக, மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அவசரப்பட்டால் இருந்ததைவிடக் கருத்துப் போகும். பாலிஷ்காரர் தலையை ஆட்டிக்கொண்டே அந்த அறையின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ கழிவறை ஆசிட் ஊற்றித் துடைத்து மெருகைக் கெடுத்திருந்தார்கள். அதில் அவருக்கு வயிறு எரிந்தது. தாளில் கையெழுத்தைப் போட்டார்.

"மூணு வாரம் கழிச்சுத்தான் அடுத்தது," என்றார் டாக்டரம்மா. "அதுவரைக்கும் வெயில் ஆகாது, தேய்க்கக் கூடாது, உரியற தோலைக் கையால எடுக்கக் கூடாது. நீங்களா எதையும் வாங்கிப் பூசாதீங்க."

மூன்று வாரம் என்றதும் பாலிஷ்காரர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். தான் கள்ளன் பிறரை நம்பான். இந்த அம்மாவுக்கு இன்னும் எத்தனை வீடு, அதாவது எத்தனை முகம், இடையில் பார்க்க வேண்டியிருக்கிறதோ என்று நினைத்தார். அந்த இரண்டு பக்கத் தாளும் வாய்க்காவல். கொஞ்சம் நீளமான வாய்க்காவல், படித்தவர்கள் இல்லையா.

தடவினார்கள். சுறுசுறு என்றது. நாலு நிமிடத்தில் துடைத்து எடுத்துவிட்டார்கள். இதற்குள்ளாகவா என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் கண் சும்மா இருக்கவில்லை. மேசை மேல் இருந்த பாட்டிலில் பெரிதாக 20 என்று போட்டிருந்ததைப் பார்த்துவைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் முகம் வறண்டு, பொடிப்பொடியாக உதிர்ந்தது. நாலாம் நாள் அக்கா, தம்பி முகம் கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருக்கே என்று ஒரு வார்த்தை சொன்னார். அக்கா அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். முதல் கட்டிங்கே இப்படியென்றால் கடைசிக் கட்டிங் எப்படி இருக்கும் என்று பாலிஷ்காரர் கணக்குப் போட ஆரம்பித்தார். ஞாயிறுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

சந்தைக்குப் பின்னால், அழகு நிலையங்களுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்று உண்டு. அங்கே போய், முகத்தோல் உரிக்கிற ஆசிட் இருக்கிறதா என்று கேட்டார். கடைக்காரர் நாலு பாட்டிலை வரிசையாக வைத்தார். 20, 35, 50, 70. பாலிஷ்காரருக்கு மனம் குளிர்ந்தது. உலகத்தில் எந்தத் தொழிலாக இருந்தால் என்ன, முறை ஒன்றுதான். டாக்டரம்மா இருபதாம் நம்பர் போட்டிருக்கிறார், அது முரட்டு நம்பர், அதனால்தான் நாலே நிமிடத்தில் பயந்து எடுத்துவிட்டார். எழுபது நைசு. மெருகுக்கு எழுபதுதான்.

எழுபதை எல்லாம் டாக்டர்கள்தான் வாங்குவார்கள், உங்களுக்குப் பழக்கம் உண்டா என்று கடைக்காரர் கேட்டார். இருபத்தாறு வருடப் பழக்கம் என்றார் பாலிஷ்காரர். எந்த வேலையில் என்று கடைக்காரர் கேட்கவில்லை. விற்கிறவர் எதற்குக் கேட்கப் போகிறார்? பாட்டிலின் பின்பக்கம் சிவப்பு எழுத்தில் பொடிப்பொடியாக என்னவோ எழுதியிருந்தது. இந்தப் பாட்டிலுக்கும் வாய்க்காவலா என்று அலுத்துக்கொண்டு பைக்குள் போட்டார்.

மறுநாள் பகலில் அக்கா வெளியே போயிருந்த நேரம். மாடி அறையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, வெள்ளையடிக்கிற நேர்த்தியோடு, விட்ட இடம் தெரியாமல் பூசினார். நைசுக் கல் வேலை செய்ய நேரம் எடுக்கும். முரட்டுக்கு நாலு நிமிடம் என்றால் நைசுக்குப் பத்தாவது வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். முதல் நிமிடத்திலேயே எரிந்தது. எரிந்தால் பிடிக்கிறது என்று அர்த்தம். மூன்றாம் நிமிடத்தில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. தண்ணீர் இல்லாமல் எந்தப் பாலிஷ் நடக்கிறது? ஐந்தாம் நிமிடத்தில் கன்னத்தில் அங்கங்கே வெள்ளையாகப் பூத்தது. கடைசிக் கட்டிங்கில் தரையிலும் கல்பொடி கரைந்து வெள்ளையாகத்தான் பால் ஊறும் என்று அந்த நிலையிலும் மனுஷருக்கு ஒரு சந்தோஷம். ஏழாம் நிமிடத்தில் கொள்கை எல்லாம் பறந்துவிட்டது. குழாயடிக்கு ஓடினார்.

அக்கா திரும்பி வந்து பார்த்தபோது, தம்பியின் முகம் இருந்த இடத்தில் வேறு எதுவோ இருந்தது. கண் இரண்டும் கோடாகிவிட்டன. மறுநாள் கன்னமும் தாடையும் பழுப்பேறிப் பொருக்குக் கட்டின. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்று அக்கா கெஞ்சினார். டாக்டரம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்று இவர் மூன்று நாள் அறையை விட்டு வரவில்லை. வராமல் இருந்ததோடு போகக்கூடாதா? இடது தாடையில் பொருக்கின் ஓரம் ஒன்று லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. தரையில் சிமென்ட் பொட்டு ஒட்டியிருந்தால் நோண்டாமல் விடாத நகம் அல்லவா. நோண்டிவிட்டார். ரத்தம் வந்தது, பிறகு சீழ் வைத்தது. அதன் பிறகுதான் போனார்.

டாக்டரம்மா திட்டவில்லை. எந்த நம்பர் போட்டீர்கள் என்று மட்டும் கேட்டார்.

"எழுபது, டாக்டரம்மா. நைசா இருக்கும்னு."

டாக்டரம்மா பேனாவை மேசை மேல் வைத்துவிட்டார். அது கல் நம்பர் மாதிரி இல்லை, நூறு பங்கில் எழுபது பங்கு ஆசிட் என்று அர்த்தம், நம்பர் ஏற ஏறக் கடுமை ஏறும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். இழைத்து முடித்த தரையில் அறுபதாம் நம்பர் கல்லை இறக்கி ஓட்டியிருக்கிறோம் என்பது பாலிஷ்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. வேறு யாராவது ஒரு தரைக்கு இப்படிச் செய்திருந்தால் அவன் கையை ஒடித்திருப்பார்.

புண் ஆறிவிடும், ஆனால் கருப்பு மங்க மூன்று மாதம் ஆகும், ஆறு மாதமும் ஆகலாம், தாடையில் நோண்டிய இடத்தில் தழும்பு நிற்கும், அது போகாது என்றார் டாக்டரம்மா. மருந்து எழுதினார். வெயில் கூடாது, கை வைக்கக் கூடாது என்று பழைய பாட்டையே மறுபடியும் பாடினார். இந்தத் தடவை பாலிஷ்காரர் தரையைப் பார்க்காமல் கேட்டார்.

ஞாயிறு தள்ளிப்போனது. அக்கா போன் செய்து, தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று மூன்று வாரம் அவகாசம் வாங்கினார். அந்த மூன்று வாரத்தில் பொருக்கு விழுந்தது. விழுந்த இடமெல்லாம் தீய்ந்த தோசைக்கல் நிறத்தில் திட்டுத் திட்டாக நின்றது. இனி என்ன சொல்வது என்று அக்காவும் அத்தானும் கூடி யோசித்தார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்றால், இங்கே ஒரே ஒரு பொய் போதும். வேலை செய்யும் இடத்தில் வீட்டுக்காரர் மூடாமல் வைத்திருந்த ஆசிட் முகத்தில் தெறித்துவிட்டது. உழைக்கிற ஆளுக்கு அது ஒரு கௌரவமும்கூட. பாலிஷ்காரர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்த ஞாயிறும் வந்தது. அக்கா தன் பவுடரை எடுத்துத் தம்பியின் கருப்புத் திட்டுகளின் மேல் அப்பிவிட்டார். கருப்பு போய்ச் சாம்பல் வந்தது. அந்த அம்மா தன் தம்பியோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். பாலிஷ்காரர் தலை நிமிராமல் சட்டையில் கொட்டிய பவுடரைத் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா மனப்பாடம் செய்ததைத் தடுமாறாமல் ஒப்பித்தார்.

அட பாவமே என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அந்த அம்மா அப்படி இல்லை. எந்த வீடு, எப்போது, யார் ஆசிட்டை அங்கே வைத்தது, புகார் கொடுத்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்கா, போனது போகட்டும் என்று மழுப்பினார். அந்த அம்மா விடவில்லை. என் கணவர் ஒரு தொழிற்சாலையில் இயந்திரத்தில் கை சிக்கி இறந்தவர், தப்பு அவர்மேல்தான் என்று கம்பெனி கைகழுவிவிட்டது, இரண்டு வருடம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவள் நான், இதையெல்லாம் சும்மா விடவே கூடாது என்றார். கைப்பையைத் திறந்து தாளும் பேனாவும் எடுத்தார்.

"வீட்டு விலாசம் சொல்லுங்க. நானே எழுதிக் கொடுக்கறேன்."

பேனா தயாராக நின்றது. ஒரு பெயரைச் சொன்னால் போதும். இருபத்தாறு வருடத்தில் அவரிடம் வேலை வாங்கிக்கொண்டு முறைத்த வீட்டுக்காரர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் மேல் பழியைப் போட்டுவிட்டு இந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். அப்படி உட்கார வேண்டும் என்று அவருக்கு ஆசையாகவும் இருந்தது, சொன்னால் வெட்கக்கேடு. ஆனால் செத்த மனிதருக்காக இரண்டு வருடம் நடந்த கால், இல்லாத ஒரு வீட்டு வாசலுக்கும் நடக்கும் என்று தெரிந்தபோது பாலிஷ்காரருக்கு எந்தப் பெயரையும் சொல்ல நாக்கு எழவில்லை.

"வீடு ஒண்ணும் இல்ல, மேடம். நானேதான் பண்ணிக்கிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னார். மொசைக் என்று சொன்ன பெண்ணிலிருந்து, நாலாம் கவுன்ட்டர், இரண்டு பக்கத் தாள், இருபது, எழுபது, ஏழு நிமிடம் வரை ஒன்றையும் விடவில்லை. அந்த அம்மாவின் தம்பி அடக்க முடியாமல் சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார். அக்கா சுவரைப் பார்த்தார். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"மூணு வாரம் பொறுக்கணும்னு டாக்டர் சொன்னாங்கல்ல?"

"சொன்னாங்க."

"ஏன் நம்பல?"

"நான் அப்படிச் சொன்னா அது பொய்யா இருக்கும், மேடம். அதான்."

அந்த அம்மா பேனாவை மூடினார். மூடியைத் திருகித் திருகி இறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு தன் தம்பிக்குக்கூடத் தெரியாத ஒன்றைச் சொன்னார் என்பது, அந்தத் தம்பி நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

"அவரு கை சிக்கின அந்த மிஷின் மேல எழுதித்தான் போட்டிருந்தாங்க. நிறுத்திட்டுக் கை வைன்னு. எழுதலன்னு நான் ரெண்டு வருஷம் சாதிச்சேன். அவருக்குத்தான் அது சும்மா எழுதிப் போட்டதுன்னு நினைப்பு. எல்லா மிஷின்லயும் அப்படித்தான் எழுதுவாங்கன்னு என்கிட்டயே சொல்லிச் சிரிச்சிருக்காரு."

அத்தான் எழுந்து, ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் போடப் போனார்.

"முகத்துல இருக்கறது எனக்குப் பெரிசில்ல," என்றார் அந்த அம்மா. "சொன்னதைக் கேக்காத இன்னொருத்தரோட என்னால முடியாது. டாக்டர் சொன்னாங்களே மூணு மாசம், அந்த மூணு மாசம் முகத்துல கை வைக்காம இருங்க. அப்புறம் ஆபீசுக்கு வாங்க. பேசுவோம்."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். எதையும் நோண்டியே பிழைத்த மனிதரிடம் எதையும் நோண்டாதே என்று சொன்னால் அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. பாலிஷ்காரர் அன்று மாலை முழுக்க இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு வந்தது ஒரு வேடிக்கையான மூன்று மாதம். காலையில் களிம்பு பூசிக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனார். கட்டட வேலைக்காரர்கள் கல்யாணப் பொண்ணு வருது, வழி விடுங்க என்று கூவினார்கள். தூசு படாமல் இருக்க முகத்தைத் துணியால் மூடிக்கொண்டதில், ஒரு வீட்டுக்காரம்மா திருடன் என்று கதவைச் சாத்திவிட்டார். இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. பாலிஷ்காரர் உண்மை பேசத் தொடங்கினார். தரை காய ஒரு நாள் போதும் என்று சொன்னார். மற்றவர்கள் எல்லாம் மூன்று நாள் என்கிறார்கள், இவர் ஒரு நாள் என்கிறார், தொழில் தெரியாத ஆள் போலிருக்கிறது என்று இரண்டு வீடு கைவிட்டுப் போயிற்று. ஈரத்தில் நிஜமாகவே வழுக்கும், பார்த்து நடங்கள் என்று ஒரு பெரியவரிடம் நின்று நிதானமாகச் சொன்னார். அவர் சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு, அன்று மத்தியானமே வழுக்கி விழுந்தார்.

தொண்ணூற்றிரண்டாம் நாள் அலுவலகத்துக்குப் போனார். இரண்டு நாள் கூடுதலாக விட்டது எதற்கு என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது, பயம்தான். டோக்கன் எடுத்து, ஒரு மணி நேரம் காத்திருந்து, நாலாம் கவுன்ட்டர் முன்னால் போய் நின்றார். நெற்றியும் கன்னமும் பெரும்பாலும் தெளிந்திருந்தன. பருக்குழிகள் எல்லாம் பழையபடி, ஒன்றுகூடக் குறையாமல், அதனதன் இடத்தில் இருந்தன. இடது தாடையில் மட்டும் ஒரு தழும்பு, கட்டைவிரல் அகலத்துக்கு.

அந்த அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"கை வச்சீங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். யார் பார்த்தது?

"ரெண்டு தடவை," என்றார் பாலிஷ்காரர். "ஒரு தடவை தூக்கத்துல. ஒரு தடவை முழிச்சுக்கிட்டேதான். அன்னைக்கே டாக்டரம்மாகிட்ட போய்ச் சொல்லிட்டேன். திட்டினாங்க."

அந்த அம்மா திரையைப் பார்த்தார், மேசை மேல் இருந்த ரப்பர் முத்திரையை எடுத்து நகர்த்தி வைத்தார், மறுபடி பழைய இடத்திலேயே வைத்தார். போச்சு என்று நினைத்துக்கொண்டார் பாலிஷ்காரர். ஒரே ஒரு பொய், அதைச் சொல்லத் தெரியாமல் கெடுத்துக்கொண்டோமே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

"அவரு ஒரு தடவைகூட வந்து சொன்னதில்ல," என்றார் அந்த அம்மா. "ஓடுற மிஷின்ல கை விட்டேன்னு ஒரே ஒரு தடவை வீட்டுல வந்து சொல்லியிருந்தா, நான் திட்டியிருப்பேன்."

கண்ணாடியைக் கீழே இறக்கி மாட்டிக்கொண்டார். அடுத்த டோக்கனுக்கான பொத்தானை அழுத்தினார். பின்னாலிருந்து ஒருவர் தாள்களோடு வந்து நின்று தொண்டையைச் செருமினார். பாலிஷ்காரருக்குப் போவதா நிற்பதா என்று தெரியவில்லை. வாசல் பக்கம் திரும்பினார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"எங்க போறீங்க?" என்றார் அந்த அம்மா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "எனக்கு அஞ்சு மணிக்கு முடியும். வெயில்ல நிக்காம உள்ளே உக்காருங்க."

பாலிஷ்காரர் உள்ளே போய் உட்கார்ந்தார்.